வாள் உருவும் சத்தம்

போன வாரம் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு பாத்திரக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போக இரண்டு எவர்சில்வர் தட்டு வேண்டும். கடைக்கார அக்கா அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். சீங் என்று மெலிதாக ஒரு சத்தம். என் கட்டைவிரல் தானாக மடங்கிக் கையிலிருந்த குடையின் பிடியை அழுத்தியது. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சத்தம் வந்தால் தடுக்க வேண்டும், என் விரலுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அதே தெருவில்தான் பத்தொன்பது வயதில் துணிக்கடை வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் வீடு திரும்பினால் என் மேல் புதுத்துணியின் கஞ்சி வாசனை அடிக்கும். அண்ணன் மேல் மிஷின் எண்ணெய் வாசனை. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், தகடு அடிக்கும் பிரெஸ் மிஷினில் வேலை. மோட்டார் சைக்கிளோடு பெர்ரிப் படகு ஏறிப் போய் வருவான். எங்கள் பிளாட் எட்டாவது மாடியில் இருந்தது. ஜன்னல் வழியே இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரியும். அவ்வப்போது அதில் ஒரு பெர்ரி நுழையும், மெல்ல மறையும்.

ஞாயிறு மத்தியானங்களில் அந்தக் கூடத்தில் வாள் சண்டை நடக்கும். அண்ணன் வாங்கி வந்த கேம் பெட்டி, ஆளுக்கொரு கன்ட்ரோலர். எதிராளியின் வாள் நம்மைத் தொடுகிற அந்த நொடியில் கட்டைவிரலால் பட்டனை அழுத்தித் தடுத்தால் அவன் தடுமாறுவான். கண் சிமிட்டும் நேரத்துக்கு மார்பு திறந்திருக்கும், அப்போதே வெட்டிவிட வேண்டும். முன்கூட்டியே தடுத்துக்கொண்டு நின்றால் பெரிய வெட்டு அந்தத் தடுப்பை உடைத்துவிடும். பிந்தினால் கதை முடிந்தது. நான் முன்கூட்டியே அழுத்துகிற ரகம். பஸ் கண்ணில் படுமுன்பே கை காட்டுகிறவள்.

அண்ணன் திரையைப் பார்க்கவே மாட்டான். கச்சாங் கடலையைக் கொறித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பான். பெரிய வெட்டுக்கு முன்னால் வாள் உருவும் மெல்லிய சத்தம் வரும். அவனுக்கு அது போதும்.

"அண்ணே, நீ பாக்கவே இல்லயே?"

"பாக்க என்ன இருக்கு பாப்பா. அதான் கேக்குதுல்ல."

மிஷினையும் அவன் காதால்தான் ஓட்டினான். தொழிற்சாலையில் கொடுத்த ஆரஞ்சு நிறக் காதடைப்பான் சட்டைப்பையில் புதிதாகவே கிடக்கும். துணி துவைக்கும்போது எடுத்து வைப்பது நான். "அத போட்டா மிஷின் பேசுறது கேக்காது லா. சத்தம் மாறுனாத்தான் அச்சு நவுந்துருச்சுன்னு தெரியும்" என்பான்.

இரண்டு வருடம் போனது. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஜெயித்துவிட்டேன். கூடத்தில் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் கட்டையால் கூரையைத் தட்டினார். அடுத்த வாரமும் ஜெயித்தேன். மூன்றாவது வாரம் வரிசையாக நான்கு முறை. நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் அண்ணன் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கச்சாங் தொடப்படாமல் இருந்தது. வாள் சீங் என்றபோது அவன் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை.

சத்தத்தைக் கூட்டினேன். "ஏன் இவ்ளோ சத்தம்?" என்றான். கேமில் அடிக்கும் முரசு அவனுக்குக் கேட்டது, அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டது கேட்டது. அந்த மெல்லிய சத்தம் மட்டும் அவனுக்குப் போய்விட்டிருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. தரையில் சம்மணமிட்டு முட்டியும் முட்டியும் உரசத்தான் உட்காருவோம். பெரிய வெட்டுக்குப் போகும் முன் என் முட்டியால் அவன் முட்டியை லேசாக அழுத்தினேன். தடுத்தான். திருப்பி வெட்டினான். இரண்டு வாரத்தில் மறுபடி கடலைப் பார்த்துக்கொண்டே ஜெயிக்க ஆரம்பித்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மழைச் சத்தம், வறுத்த கச்சாங் வாசம், அவன் தோளுக்கு அப்பால் ஊர்ந்துபோகும் பெர்ரி. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நானே நம்பினேன்.

நான்கு வருடம் அப்படியே ஓடியது. பிறகு மற்றவர்கள் பேசுவதும் அவன் காதிலிருந்து நழுவத் தொடங்கியது. "இவனுக்குக் கவனமே இல்ல" என்று அம்மா திட்டினார். ஒருவழியாக அவனை டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான்.

"மொதல்ல சன்னமான சத்தம்தான் போகும். அப்பவே வந்திருந்தா மிச்சத்தக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அண்ணன் என்னைப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்று கேட்டான். நான் பாதியை மட்டும் சொன்னேன்.

கடையில் வாங்கிய தட்டுகளோடு ஞாயிறன்று தாசேக் கெலுகோர் போனேன். அண்ணன் இப்போது அங்கேதான் இருக்கிறான். இரண்டு காதிலும் கருவி. எதிரே உட்கார்ந்து பேசினால் கேட்கும். வாசலில் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை, அவனை என் பக்கம் திருப்பி, முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும் அண்ணே. உனக்குக் கேக்கலன்னு."

"தெரியும். முட்டியால இடிப்பியே."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நீ ஒண்ணும் சொல்லல. அப்ப பெருசா ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அந்தக் கேம் பெட்டி எப்போதோ போய்விட்டது. பிளாட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அந்தப் பழைய பெர்ரிகளும் இப்போது ஓடுவதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து ஒரு தட்டை உருவினேன். சீங்.

அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்து, "என்ன சத்தம்?" என்றார்.

அண்ணன் ரம்புத்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.