வாசல் திறக்காத ஷுன் அண்ணன்

"யாரு கேட்டா?"

சோயா பால் உறிஞ்சும் குழலை வாயிலிருந்து எடுக்காமலேயே கேட்கிறார் ஷுன் அண்ணன். எதிரே நிற்கும் சக ஊழியர் அண்ணனின் பட்டியலில் ஒரே ஒரு பெயரை வெளியே விடச் சொல்லி வந்திருக்கிறார். பாவம், இன்றைக்கு அவர் காலைப் பலகாரம் ஆறிப்போகும்.

தைச்சுங் நகரில் கரோக்கிப் பாட்டு இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் சின்னக் கம்பெனி. பாட்டைத் தேட, சுதியை ஏற்ற, வரியைத் திரையில் ஓட்ட என்று அத்தனை வேலையும் ஒரே நிரல் நூலகத்துக்குள் அடக்கம். வெளியார் எழுதிய நிரல் ஓடத் தொடங்கும்போது அந்த நூலகத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, வேண்டிய வேலையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். எந்தப் பெயர்களைக் கூப்பிடலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் இல்லாத வேலை உள்ளே உயிரோடுதான் இருக்கும்; ஆனால் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்காது, கூப்பிட்ட நிரலும் ஓடாமல் நின்றுவிடும்.

பட்டியலை அண்ணன் கையால் எழுதுவதில்லை. அவர் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல், கோப்புகளையெல்லாம் துழாவி, ‘வெளியே’ என்று குறி போட்ட பெயர்களை மட்டும் பொறுக்கி, இரட்டிப்பைக் கழித்து வரிசையாகத் தந்துவிடும். குறி போடுவது மட்டும் அண்ணன் உரிமை. அதில் அப்படியொரு கஞ்சத்தனம்! "ஒரு வாசல தொறந்தா ஊரே வந்து செருப்ப கழட்டும். அப்பறம் மூட முடியுமா?" என்பார். பட்டியல் குட்டையாக வந்த நாளில் எதிர்க்கடையில் இன்னொரு முட்டை ரொட்டி சொல்லுவார்.

போன மாதம் பட்டியலை ஒழுங்குபடுத்துகிறேன் என்று உட்கார்ந்தார். கம்பெனி ஆட்கள் யாரும் கூப்பிடாத பெயர்களின் குறிகளை அழித்துத் தள்ளினார். பாட்டு முடிந்ததும் கரவொலி எழுப்பும் ‘கைதட்டு’ம் அதில் போயிற்று.

"வெளிய யாராச்சும் அதக் கூப்புட்டுக்கிட்டிருப்பாங்க, பாத்துக்கோ" என்றார் மேலாளர் லோ அக்கா.

"இருந்தா இந்நேரம் வந்து கேட்டிருக்க மாட்டாங்களா?"

பிறகு வந்தது கம்பெனிச் சுற்றுலா. ஊர் எல்லையைத் தாண்டுமுன் பேருந்திலிருக்கும் பாட்டு இயந்திரத்தில் ஆளுக்கொரு பாட்டுப் பாட மைக் கை மாற வேண்டும், அதுதான் வழக்கம். ஓட்டுநர் கோ பொத்தானை அழுத்தினார். கறுத்த திரையில் ஒரே ஒரு வரி: ‘கைதட்டு’ கிடைக்கவில்லை.

கோ வண்டியை ஓய்விடத்தில் ஓரங்கட்டினார். "நேத்துதான்யா உங்க புது நூலகத்த ஏத்துனேன்! நாளைக்குக் கோயிலுக்குப் போற அக்காமாரு கூட்டம். பாட்டு இல்லன்னா அடுத்த வருசம் என் வண்டில காலே வைக்க மாட்டாங்க. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட புண்ணியவான் யாரு?"

வண்டியே அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அண்ணனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"எங்க ஆளுங்க யாரும் கூப்புடல..."

"நான் கூப்புட்டேனே! என் மச்சினன் எழுதுன நிரலு, பாட்டுக்குப் பாட்டு கைதட்டும். நல்லா ஓடிக்கிட்டிருந்தத எதுக்கு தம்பி வந்து கேக்கணும்?"

அண்ணனை வெட்கம் பிடுங்கித் தின்றது. மடிக்கணினியைத் திறந்து, அழித்த குறிகள் அத்தனையையும் திரும்பப் போட்டார். ஸ்கிரிப்டிலும் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: முந்தைய பதிப்பில் வெளியே போன பெயர் எதுவும் விடுபட்டிருந்தால் மேலே போகாதே, நின்று கத்து.

எட்டிப் பார்த்த லோ அக்கா, "அப்பாடா, இனிமே உன்னத் திட்ட நான் வேணாம், இதுவே திட்டிக்கும்" என்றார்.

புதிதாகக் கட்டிய நூலகம் பென்டிரைவில் ஏறி இயந்திரத்துக்குப் போனது. திரை பளிச்சென்று எரிந்தது. கோ முகத்தில் சிரிப்பு வந்தபிறகுதான் அண்ணனுக்கு மூச்சே வந்தது.

"பாட்ட நிறுத்துனவருக்குத்தான் மொதப் பாட்டு" என்று லோ அக்கா மைக்கை அவர் கையில் திணித்தார். எந்தச் சுற்றுலாவிலும் வாய் திறக்காத மனிதர்.

"ஐயோ, நானா? யாரு கேட்டா?"

"நாங்க கேட்டோம்!" என்று வண்டியே கத்தியது.

பாடினார். மெட்டு ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் போனார். ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. இருக்கைகளில் ஒரு கை உயருமுன்னே தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி படபடவென்று கைதட்டியது. ஷுன் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி, மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்கு இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.