கூரையை அடைத்த மார்கழி

எண்பதுகளின் நடுவில், மாரண்டஹள்ளியை அடுத்த எங்கள் ஊரில் பலரும் செய்ததைப் போலவே, என் அண்ணனும் கேழ்வரகு விளைந்த மேட்டில் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். புழுக்களுக்கெனத் தனிமனை கட்ட வழியில்லை. ஆகவே, வீட்டிலிருந்த ஒரே பெரிய அறையை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் மாட்டுக்கொட்டகையில் படுத்தோம். தாளிப்பு நெடி புழுவுக்கு ஆகாதென்று அண்ணி அடுப்பையும் வெளியே கொண்டுபோனார். புழு வளர்த்த வீடுகளில் அக்காலத்தில் மனிதர்தாம் ஒதுங்கினர்.

முந்தைய வளர்ப்புகள் பொய்த்திருந்தன. இதுவும் பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவதென அண்ணன் முடிவு செய்திருந்தார். அண்ணி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

மார்கழியில் ஓசூர்ப் பக்கத்துக் குளிர் எங்கள் ஊர்வரை இறங்கும். எங்களுடையது ஓட்டுக்கூரை. ஓடுகளுக்கிடையே விரல் நுழையும் இடுக்குகள். முகட்டில், புகை வெளியேறுவதற்கென வீடு கட்டியவர் விட்ட திறப்பு. புழுத்தட்டுகளுக்கு நடுவே கரியடுப்பு வைத்தும் அறை சூடேறவில்லை. குளிர்ந்த புழு தழை தின்னாது. மூட்டிய வெப்பமெல்லாம் கூரை வழியே போய்விடுகிறதென்று அண்ணன் கண்டுகொண்டார். உரச்சாக்குகளின் உள்ளிருந்த பிளாஸ்டிக் உறைகளை உருவி, கோணியூசியால் ஒன்றாகத் தைத்து, கூரைமரங்களின் கீழே விதானம்போல் இழுத்துக் கட்டினார். அதன்மேல் வைக்கோல் பரப்பினார்.

முகட்டுத் திறப்பை அடைக்க அவர் ஏணியில் ஏறியபோது அண்ணி கீழே நின்று சொன்னார்: "ஏங்க, உச்சியில ஒரு கையகலமாவது உடுங்க. தழையில இருக்கற ஈரம் எங்க போவும்?"

"கையகலம் உட்டா, மூட்டைக் கரியும் அது வழியாத்தான் போவும்."

வாசலில் போர்வைக்குள் சுருண்டிருந்த அம்மா சிரித்தார். "நாங்க நடுங்கிச் சாவறோம், புழுவுக்கு அடுப்பு. இந்த வூட்ல புழுவாப் பொறந்திருக்கணும்டா."

"நீயும் கூடு கட்டிக் குடு. உனக்கும் ஒரு அடுப்பு வெக்கறேன்."

அவ்வீட்டில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அறை கதகதத்தது. போட்ட தழை நரம்புவரை தீர்ந்தது. விடுமுறைக்கு வந்திருந்த நான் தழை நறுக்கி மாளவில்லை. அண்ணன் முகம் தெளிந்தது. பிறகு, ஒரு விடியலில், விதானத்திலிருந்து நீர் சொட்டக் கண்டோம். பனியில் நனைந்த தழை, புழுக்களின் எச்சம், அவற்றின் மூச்சு ஆகிய எல்லாவற்றின் ஈரமும் மேலேறி, போக்கிடமின்றிப் பிளாஸ்டிக்கில் திரண்டு, தட்டுகளின்மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

சில நாளில் அண்ணி ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தார். அது விறைத்து, சுண்ணாம்புத் துண்டாய் வெளுத்திருந்தது.

"ஒண்ணுதானே," என்றார் அண்ணன்.

"உள்ள வந்து பாருங்க."

தட்டுக்குத் தட்டு அப்படியே கிடந்தன. அண்ணன் விதானத்தைக் கத்தியால் கிழித்தார், முகட்டைத் திறந்தார். ஈரம் போயிற்று; அதனோடு வெப்பமும் போயிற்று. நோய்க்குத் தப்பியவை குளிரில் தலை தூக்கியபடி தின்னாமல் நின்றன. மீண்டும் மூடுவதா, திறந்தே விடுவதா என்று அவர் எங்களைக் கேட்டார். எங்கள் கூரைக்குக் காக்கவும் தெரியவில்லை, மூச்சுவிடவும் தெரியவில்லை. வேறு கூரை எங்களுக்கு வாய்க்கப்போவதுமில்லை.

குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். உயிரோடிருந்தவற்றையும் அண்ணன் சேர்த்தே கொட்டினார். அண்ணி தடுக்கவில்லை.

அண்ணன் பெங்களூருக்குப் புறப்பட்ட காலையில் அம்மா பையைப் பிடித்துக்கொண்டார். "கொளந்த பொறக்கற வரைக்குமாவது இருடா."

"இருந்து எதக் குடுத்து வளக்கறது?"

அம்மா பையை விட்டுவிட்டார். ஓசூர்ப் பேருந்து வந்தது; அண்ணன் ஏறிப்போனார்.

மாசியில், புழுக்கள் இருந்த அந்த அறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. சொல்லி அனுப்பினோம், வேலையை விட்டு வர முடியவில்லையென்று பதில் வந்தது. மேட்டில் மல்பெரி அவ்வாண்டு என்றுமில்லாதபடி தழைத்திருந்தது. நாள்தோறும் அறுத்து மாடுகளுக்குப் போட்டோம்.