விண்கலத்துக்குள் லாபக்காய்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, இதுவரை முகம் பார்த்திராத ஒரு போலந்துக்காரர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அதன் கடைசி வரி ஒரு கேள்வி.

‘ஐயா, லாபக்காய் என்றால் என்ன?’

பனி பெய்கிற ஏதோ ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் தேங்காய் மண்டிச் சமாச்சாரம் எப்படித் தெரிந்தது? எனக்கு முதலில் வந்தது சந்தேகம். எப்போதும் முதலில் வருவது அதுதான் என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். நில அளவைத் துறையில் இருபத்தாறு வருஷம்... வரப்பை ஒரு முழமாவது நகர்த்திப் பார்க்காத பக்கத்து வயல்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தோப்புக்குத் தேங்காய் வாங்க வரும் வியாபாரி, நூறு காய்க்கு மேல் சில காய்களை விலையில்லாமல் எடுத்துக்கொள்வார். அழுகலுக்கும் உடைசலுக்கும் ஈடாம். அழுகல் இருந்தாலும் எடுப்பார், இல்லாவிட்டாலும் எடுப்பார். அதுதான் லாபக்காய். அந்தப் பழக்கத்தை எதிர்த்து இதே இடத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

இனி, கதைக்கு மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

என் நண்பர் குமரவேல் பேராவூரணியில் தேங்காய் மண்டி நடத்துகிறார். அப்பா வைத்த மண்டி. அதன் பின்னறையில், காய் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர். அதில் இருபது வருஷமாக, கடை நேரம் போக மிச்ச நேரத்தில், அவர் எழுதி வளர்த்தது ஒரு விண்வெளிப் பயண சிமுலேட்டர். ‘வலசை’ என்று பெயர். முத்துப்பேட்டைக் காயலுக்கு வருஷா வருஷம் வந்து போகும் பறவைகளை நினைத்து வைத்தது.

அதில் சுடுவதற்கு எதிரி கிடையாது. சத்தம்கூடக் கிடையாது. பூமியிலிருந்து கிளம்ப வேண்டும், எரிபொருளை அளந்து செலவழிக்க வேண்டும், நிலாவில் மெதுவாக இறங்க வேண்டும். கணக்குத் தப்பினால் விழ வேண்டியதுதான். வெளிநாட்டில் சிலர் இணையத்திலிருந்து எடுத்து ஓட்டினார்கள். உள்ளூரில் அதற்கு ஒரே விமானி — நான். என் பறப்புகள் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். தேதி, நேரம், எரிபொருள், வேகம், முடிவு. நாலு நோட்டு நிறைந்திருக்கிறது.

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை குமரவேல் சொன்னார்:

“சார், வலசையத் திறந்து விட்டுடலாம்னு இருக்கேன்.”

“திறந்துன்னா?”

“ஓப்பன் சோர்ஸ். நான் எழுதின புரோகிராம் கோடு பூராத்தையும் வெளியில வச்சிடறது. யாரு வேணா படிக்கலாம், திருத்தலாம், எடுத்துட்டுப் போகலாம்.”

“எவ்வளவுக்கு?”

“சும்மாதான்.”

சும்மா! இந்த மாவட்டத்தில் ஒருவர் சும்மா கொடுத்து, பின்னால் வழக்கு வராமல் இருந்திருக்கிறதா?

அவர் காரணம் சொன்னார். புதிய கம்ப்யூட்டர்களில் வலசை ஓடுவதில்லை, திரை கறுப்பாக நிற்கிறது. மண்டியில் இருக்கும் பழைய பெட்டியில்தான் ஓடுகிறது. “இந்தப் பெட்டி நின்னா இதுவும் நின்னுடும் சார். எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல. வெளியில விட்டா எவனாவது ஓட்ட வச்சிடுவான்.”

நான் நம்பவில்லை. பொது இடம் என்று ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? முதலில் ஒரு மாட்டுக்கொட்டகை வரும். பிறகு அதை ஒட்டி ஒரு டீக்கடை. பிறகு மின் இணைப்புக்கு மனு.

“புறம்போக்கா ஆக்கப் போறீங்களா?” என்றேன்.

“புறம்போக்குல ஒருத்தன் கொட்டகை போட்டா அடுத்தவனுக்கு எடம் குறையும். இத ஆயிரம் பேர் எடுத்தாலும் குறையாது சார்.”

பதில் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கும் பதிலைத்தான் நான் இரண்டு முறை அளப்பேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி கல்யாணியிடம், “குமரவேலுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?” என்று கேட்டேன்.

“ஒருத்தர் சும்மா ஒண்ணு குடுத்தா, ஒண்ணு அவருக்கு நோயி, இல்லாட்டி உங்களுக்குப் பொறி... வேற எதுவும் தோணவே தோணாதா உங்களுக்கு?” என்றாள்.

லைசன்ஸ் என்று ஒரு நீளமான ஆங்கிலப் பத்திரம் வைத்திருந்தார் குமரவேல். வாங்கிவந்து இரண்டு நாள் படித்தேன். யாரும் எடுக்கலாம், ஆனால் திருத்தியதை வெளியிட்டால் அதையும் திறந்தே வைக்க வேண்டும் என்பது சாரம். கிழக்கு மேற்கு எல்லை எதுவும் குறிப்பிடாத ஒரு பத்திரத்தை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தேன். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

பிறகு அவர் கேட்டார்: “உங்க நோட்டையும் சேர்த்துப் போடலாமா சார்? இத ஒழுங்கா ஓட்டிப் பார்த்ததுக்கு அதுதான் சாட்சி.”

நாலு நோட்டையும் நானே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தேன். முகப்பில் என் முழுப் பெயர். அதில் பெருமைப்படவும் காரணம் இருந்தது. பெரும்புயல் அடித்த வருஷம்வரை நிலாவில் நான் பத்திரமாக இறங்கியது இரண்டே முறை. புயலுக்குப் பிறகு அறுபத்து மூன்று முறை! அந்த அனுபவத்தை வைத்து ‘விடாமுயற்சி’ பற்றி இதே பத்தியில் எழுதினேன். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் அதை மைக்கில் வாசித்தார்களாம்.

எல்லாம் தயார். ஆனால் குமரவேல் வெளியிடவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்றார். நான் பின்னறைக்குள் நுழைந்தால் திரையை மாற்றினார். அவர் மனைவி செல்வி, “அண்ணே, ஒரே எடத்த அழிக்கிறாரு, திரும்ப எழுதுறாரு. சோறு ஆறிப் போவுது” என்றார்.

எதை அழிக்கிறார்? நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஒரு பத்து வரி சார். அத மட்டும் எடுத்துட்டுப் போட்டுடறேன்.”

“என்ன பத்து வரி?”

“அது... வீட்டு விஷயம்.”

“ராக்கெட்டுக்குள்ள என்ன வீட்டு விஷயம்?”

அவர் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துத் தட்டிப் பார்த்தார். எனக்குள் இருந்த சர்வேயர் விழித்துக்கொண்டார். “வேற யாரோடதையாவது எடுத்துப் போட்டிருக்கீங்களா?”

குமரவேல் நிமிர்ந்து பார்த்தார். “இருபது வருஷமா பக்கத்துல உக்காந்து பாக்குறீங்க. இதக் கேட்டுட்டீங்களே சார்.”

கேட்டுவிட்டேன். அதோடு நிறுத்தவும் இல்லை. “ஒரு வரி எடுத்தாலும் என் நோட்டு அதுல சேராது. என் பேர் இருக்கிற ஆவணத்துல அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது.”

உள்ளிருந்து செல்வியின் குரல் வந்தது. “ஏங்க, எதையும் எடுக்காதீங்க. அப்படியே போடுங்க. அண்ணன் கேக்குறாருல்ல... ஊரே படிச்சுக்கட்டும்.”

“சரி சார். உங்க இஷ்டம்” என்றார் குமரவேல்.

மறுநாள் வலசை முழுதாக வெளியானது, பத்து வரியோடும் என் நோட்டோடும். அதன் பிறகு பதினோரு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டாம் நாள்தான் அந்தப் போலந்துக் கடிதம் வந்தது.

மரியாதையான கடிதம். என் குறிப்புகள் முழுவதையும் படித்தாராம். மிகவும் நேர்த்தி என்று பாராட்டியிருந்தார். ஒரே ஒரு இடம் இடித்ததாம். ‘எரிபொருள் முள் பூஜ்யம். இன்ஜின் மேலும் நாலு நொடி ஓடியது. முள்ளில் கோளாறா?’ என்று நான் பல பக்கங்களில் எழுதியிருந்தேன். குமரவேலிடமும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் “பாக்குறேன் சார்” என்பார். முள்ளைச் சந்தேகித்தேனே தவிர அதற்கு மேல் போகவில்லை.

போலந்துக்காரர் அதற்கு மேலும் போனார். நிரலில் அந்த நாலு நொடியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ‘laabakkai’ என்ற பெயரில் பத்து வரி. நிலாவில் இறங்கும்போது எரிபொருள் தீர்ந்தால், முள்ளில் காட்டாமல் கொஞ்சம் கொடுக்கும். எல்லோருக்கும் இல்லை. விமானியின் பெயர் ‘சர்வேயர்’ என்று இருந்தால் மட்டும்.

வலசையில் சர்வேயர் என்ற பெயரில் பறப்பவன் இந்த உலகத்தில் ஒருவன்தான்.

அன்று பிற்பகலே மண்டிக்குப் போனேன். குமரவேல் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“படிச்சிட்டாங்களா?”

“எப்ப போட்டீங்க?”

“புயலுக்கு அடுத்த மாசம்.”

அந்த மாதம் எனக்கு நினைவிருக்கிறது. என் தோப்பில் நாற்பத்தெட்டு மரம். நாற்பத்தைந்து விழுந்துவிட்டது. அதைப் போய்ப் பார்க்க எனக்கு நேரமில்லை, ஏனென்றால் சேதக் கணக்கெடுப்பில் என்னையும் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து ஊர் ஊராக மற்றவர்கள் தோப்பில் விழுந்த மரங்களை எண்ணுவேன். மின்சாரம் இல்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், ஜெனரேட்டர் ஓடும் மண்டிக்கு வந்து வலசையில் உட்காருவேன். அன்றாடம் நிலாவில் விழுவேன்.

“ஒரு நாள் விழுந்ததும் கீபோர்டுல தலைய வச்சிட்டீங்க சார். ரொம்ப நேரம் எடுக்கல. பகல் பூரா விழுந்த மரத்த எண்ணிட்டு வர்றீங்க... இங்க வந்தும் விழணுமா?”

அவர் துடைத்துப் போட்ட நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

“அதுக்குப் போய் லாபக்காய்னு பேரு வச்சீங்களே?” என்றேன்.

“எங்க அப்பா காலத்துலேந்து உங்க தோப்புல எவ்வளவு எடுத்திருப்போம்? கொஞ்சம் திருப்பிக் குடுத்தேன்” என்றார். பிறகு மெதுவாக, “நல்லா இறங்க ஆரம்பிச்சீங்க. அப்புறம் அது எடுக்க மனசு வரல. பத்தியில வேற எழுதிட்டீங்க...” என்றார்.

செல்வி டீ கொண்டுவந்து வைத்தார். “அண்ணே, திருட்டக் கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“கண்டுபிடிச்சிட்டேம்மா. கேட்டது என் தப்பு” என்றேன். குமரவேலைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். டீ டம்ளரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்பது, சர்க்கரை போதுமா என்று அவர் கேட்டதில் தெரிந்தது.

வேலை இன்னும் பாக்கி இருந்தது. என் பெயரில் அறுபத்து மூன்று பொய் இறக்கங்கள் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘உதவியுடன்’ என்று சேர்த்து அனுப்பினேன். விடாமுயற்சிக் கட்டுரையை இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பள்ளிக்கும் ஒரு கார்டு போட்டாயிற்று.

போலந்துக்காரருக்கு லாபக்காய் என்றால் என்ன என்று விளக்கி எழுதினேன். அவரும் இன்னும் நாலைந்து பேரும் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள். அந்தப் பத்து வரியை அவர்கள் எடுக்கவில்லை. பெயரையும் மாற்றவில்லை. ‘சர்வேயருக்கு மட்டும்’ என்ற நிபந்தனையைத்தான் எடுத்தார்கள். இனி எந்த நாட்டில் யார் தொடர்ந்து ஐந்து முறை விழுந்தாலும், ஆறாவது முறை லாபக்காய் உண்டு. புதிய கம்ப்யூட்டர்களில் கறுப்பாக நின்ற திரையையும் சரிசெய்துவிட்டார்கள். இதில் அவர்களுக்கு என்ன ஆதாயம்? இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒரு மனு மட்டும் போட்டேன். சர்வேயருக்கு வேண்டாம்.

“ஏன் சார், வீம்பா?” என்றார் குமரவேல்.

“வீம்பு இல்ல. அளவு சரியா இருக்கணும்.”

சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். இப்போது உலகத்தில் எல்லா விமானிக்கும் கிடைக்கிற லாபக்காய், ஒருவனுக்கு மட்டும் கிடைக்காது. என் வீட்டுப் புதிய கம்ப்யூட்டரில் நேற்றுவரை முப்பத்தொரு முறை பறந்தேன், முப்பத்தொரு முறை விழுந்தேன்.

ஒன்றுகூட இனாம் இல்லை.