கல்லுடைக்கும் பெட்டி

இந்தக் கனடா நாட்டில் ஒருவர் தன் நாணயத்தை எல்லோருக்கும் தெரிய ஒரு கண்ணாடியின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் சலவை மெஷின்கள் எந்நேரமும் பழுது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் வெக்ஸ்போர்டில் உள்ள ஒரு லோன்ட்ரிக்குப் போவோம். அங்கே யன்னலோரம் ஆளுயரத்துக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி நிற்கிறது. ஜப்பானில் செய்தது. அதன் பக்கப் பலகையில் அந்த நாட்டு எழுத்து இன்னும் அழியாமல் இருக்கிறது. திரையின் மேற்பாதியில் வரிசை வரிசையாக நிறக் கற்களால் ஒரு சுவர், கீழே ஒரு சின்ன மட்டை, நடுவில் ஒரு பந்து. ஒரு திருகுபிடியைத் திருப்பினால் மட்டை இடம் வலமாக ஓடும். பந்தை விழவிடாமல் தட்டித் தட்டிச் சுவர் முழுவதையும் உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

வந்த புதிதில் ஒருநாள், சீருடை போட்ட பஸ் சாரதி ஒருவர் அந்தப் பெட்டியின் கண்ணாடி விளிம்பில் ஒரு குவாட்டரை, இருபத்தைந்து சதக் காசை, வைத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போனார். மறந்துவிட்டார் என்று நினைத்து, காசைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் அவர் பின்னால் ஓடினேன். “யுவர் மணி, சேர்” என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என்னென்னவோ சொன்னார். நான் மறுபடியும் நீட்டினேன். கடைசியில் என் தோளில் கைபோட்டுத் திரும்பக் கூட்டிவந்து, காசை நான் எடுத்த இடத்திலேயே வைப்பித்தார். அடுத்த ஆட்டம் தன்னுடையது என்பதற்கு அதுதான் அடையாளமாம். பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பி ரஞ்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ரஞ்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னமே கனடாவுக்கு வந்து, பொறுப்பு நின்று எங்களைக் கூப்பிட்டவன். பிறம்ரனில் வீடு, கார், கதிரையில் இருந்து செய்கிற கந்தோர் வேலை. ஞாயிறுகளில் காரில் வந்து எங்களை லோன்ட்ரிக்கு ஏற்றிப்போவான். எங்கள் உடுப்புச் சுழன்று முடியும்வரை அந்தப் பெட்டியில் விளையாடுவான். கூடிய புள்ளி எடுத்தவர்களின் பெயர்கள் மூன்று மூன்று எழுத்தாகத் திரையில் வரும். அதில் முதலாவதாக நின்றது அவனுடைய ஆர், ஏ, என். என்னையும் ஒருமுறை விளையாட விட்டான். நான் திருகுபிடியை முழுக் கையாலும் பொத்திப்பிடித்து முறுக்கினேன். மட்டை ஒரு கரையில் போய் முட்டிக்கொண்டு நிற்க, பந்து மற்றக் கரையால் விழுந்தது. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். சபையில் சொல்லிச் சிரிக்க அதைச் சேர்த்து வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மகள் ஆரணியின் பிறந்தநாள். எங்கள் அப்பார்ட்மென்ட் நிறையச் சனம். கேக் வெட்டி முடிந்ததும் ரஞ்சன் நடுவில் எழும்பி நின்று, நான் விளையாடியதை நடித்துக் காட்டினான். காலை அகட்டி, நாக்கைக் கடித்து, இரண்டு கையாலும் எதையோ முறுக்கினான்.

“அத்தான் பந்து அடிக்கேல்லை, பாருங்கோ. மாட்டு வாலை முறுக்கிறார். வண்டில்கார முருகேசரின்ரை மகனெல்லோ! ஹை, ஹை!”

எல்லோரும் சிரித்தார்கள். ஆரணி வாய்க்குள் கேக்கோடு சிரித்தாள். முருகேசர் யார் என்று அவளுக்குத் தெரியாது. கைக்குழந்தையாக வந்தவள். மாமா பகிடி விட்டார், சிரித்தாள். நானோ சபையில் வாய் திறக்கத் தெரியாதவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வந்தவர்களுக்கு ரோல்ஸ் தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன்.

முருகேசர் என் அப்பா. வண்டில்காரர்தான். மற்றவர்களின் நெல்லும் விறகும் கூரை ஓடும் ஏற்றித்தான் எங்களை வளர்த்தார். ஷெல்லடி தொடங்கி ஊர் இடம்பெயர்ந்த நாளில், ரஞ்சனுடைய அம்மாவுக்கு நடக்க முடியவில்லை. அந்த மனிசியையும் அவர்களுடைய பெட்டகத்தையும் தையல் மெஷினையும் ஏற்றியது அப்பாவின் வண்டில். இடமில்லை என்று எங்கள் பாத்திரங்களை இறக்கி வேலியோரம் வைத்துவிட்டு, அப்பா மாட்டுக்குப் பக்கத்தில் நடந்து போனார். ஒரு தடவையும் வாலை முறுக்கவில்லை. அவர் மாட்டோடு கதைத்துத்தான் ஓட்டுவார். ரஞ்சன் அப்போது இங்கே இருந்தான். அவனுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவனுடைய அம்மாவே கடிதத்தில் எழுதியிருந்தார்.

பிறந்தநாள் அன்றைக்கே முடிவு செய்தேன். அவனை வாயால் வெல்ல என்னால் முடியாது. அவன் பெயரை அந்தப் பெட்டியின் உச்சியிலிருந்து இறக்க வேண்டும். அதை ஆரணி பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் பின்னேரங்களில் பஸ் மாறி லோன்ட்ரிக்குப் போகத் தொடங்கினேன். முதலில் விளையாடவில்லை. மற்றவர்கள் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். கெட்டிக்காரர்கள் பிடியைப் பொத்திப் பிடிப்பதில்லை, விரல் நுனியால் தொட்டுத்தான் திருப்புகிறார்கள். சுவரை முன்னால் நின்று முட்டுவதும் இல்லை. ஒரு கரையில் மட்டும் திரும்பத் திரும்ப அடித்து ஒரு ஓட்டை போடுகிறார்கள். அந்த ஓட்டைக்குள்ளால் பந்து மேலே ஏறிவிட்டால், சுவரின் முதுகுப்பக்கம் நின்று தானே கற்களை உடைத்துக் கொட்டும். அதைக் கண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை. ஒவ்வொரு கல்லும் அவனுடைய பல்லாகத் தெரிந்தது.

ஒருநாள் லோன்ட்ரி முதலாளி, ஒரு கிழக் கிரேக்கர், வாளியும் துடைப்பமும் கொண்டு வந்து, பெட்டியின் பிளக்கைக் காட்டி ஏதோ எச்சரித்தார். கையால் சைகையும் காட்டினார்: இதைக் கழற்றினால் பெயரெல்லாம் போய்விடும். அவர் போன பிறகு அந்த வயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலால் ஒரு தட்டுத் தட்டினால் ரஞ்சன் இல்லை. ஆனால் அதில் எனக்கு என்ன இருக்கிறது? தோற்றதை அவன் தன் கண்ணால் காண வேண்டும்.

அந்த ஞாயிறு வந்தது. ரஞ்சன் விளையாடிக்கொண்டிருந்தான். மனைவியும் ஆரணியும் மேசையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்தநாளுக்கு வந்திருந்த ஒரு குடும்பமும் நின்றது. நான் போய்க் கண்ணாடி விளிம்பில் ஒரு குவாட்டரை வைத்தேன்.

“என்ன அத்தான், காசைத் துலைச்சிட்டியளோ? பிறகு ஆருக்குப் பின்னாலை ஓடப்போறியள்?”

“அடுத்தது நான்.”

“ஓ! வண்டில் வெளிக்கிடுது. விலகுங்கோ, விலகுங்கோ” என்று சிரித்துக்கொண்டு இடம் விட்டான்.

நான் விரல் நுனியால் தொடங்கினேன். முதல் சுவர் போனது. இரண்டாவது சுவரில் அவன் இன்னும் பகிடி விட்டுக்கொண்டிருந்தான். பிறகு பகிடி குறைந்தது. “உது சும்மா அதிஷ்டம்” என்றான். பிறகு என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தான். என் புள்ளி அவனுடையதைத் தாண்டியபோது, “மாமா, அப்பா யுவர் ஸ்கோரை அடிச்சிட்டார்!” என்று ஆரணி கத்தினாள். கடைசிப் பந்தை நான் வேண்டுமென்றே விழவிட்டேன். போதும் என்று இருந்தது.

திரை பெயர் கேட்டது. பிடியைத் திருப்பி எழுத்துத் தேட வேண்டும். நேரமும் ஓடும். ரஞ்சன் கிட்ட வந்தான்.

“விடுங்கோ அத்தான், உங்களுக்கு உது விளங்காது. நான் பேரை அடிச்சு விடுறன்.”

“கையை எடு.”

அவனோடு நான் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. மனைவி மடித்த துவாயோடு அப்படியே நின்றாள். அவன் கையை எடுத்தான்.

ஒப்பம் வைக்கும் பழக்கத்தில், முதலில் அப்பாவின் முதலெழுத்தைத் தேடிப் பிடித்தேன். எம். என் பெயருக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. உச்சியில் அந்த ஒற்றை எழுத்து, அதன் கீழே ரஞ்சன்.

“எம் மட்டும் நிக்குது. ஆரப்பா அது?” என்றாள் ஆரணி.

“முருகேசர். உன்ரை அப்பப்பா, வண்டில்காரன்” என்றேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். “உன்ரை அம்மம்மாவை ஷெல்லுக்குள்ளாலை ஏத்திக்கொண்டு போன வண்டில். மாமாவைக் கேள், அவருக்கு நல்லாத் தெரியும்.”

ரஞ்சன் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் முகம் போன விதத்தை இன்றைக்கும் நினைத்து நினைத்து ருசிக்கிறேன். அன்று வீட்டில் மனைவி, “அவன்தானே எங்களைக் கூப்பிட்டவன்” என்று அழுதாள். கூப்பிட்டவன் என்பதற்காக அப்பாவையும் அவனிடம் ஒப்படைத்துவிட முடியுமா? அதற்குப் பிறகு அவன் கார் எங்கள் பக்கம் வருவதில்லை. உடுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். இருக்கட்டும்.

இப்போதும் ஞாயிறுகளில் லோன்ட்ரிக்குள் போனதும் பெட்டியின் பிளக்கை ஒருமுறை இறுக்கி அழுத்திவிடுவேன். அப்பா இப்போது யாரோ ஒருவருடைய காணியில் ஒரு கொட்டிலில் இருக்கிறார் என்று கேள்வி. மாடும் இல்லை, வண்டிலும் இல்லை. பனிக்கால மாலை கெதியாக இருட்டிவிட, பெட்டியின் திரை பக்கத்து யன்னல் கண்ணாடியில் விழும். அங்கே ரஞ்சனுடைய பெயர் வலம் இடமாகப் புரண்டு தெரியும். அப்பாவின் எம் இந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். அது வெளியே பனி மூடிய கார்த்தரிப்பிடத்தின் மேல், காலடி ஒன்றும் படாத இடத்தில், நிற்கிற மாதிரி இருக்கும். எங்கள் உடுப்பு உள்ளே சுழன்றுகொண்டிருக்கும். நான் நடுவில் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்ப்பேன்.