விற்காத கட்டிலும் என் ஓரகத்தியும்

என் கொழுந்தன் பெண்டாட்டிக்குக் கவலைப்படத் தெரியாது. இதைத் தெருவே பாராட்டாகச் சொல்கிறது. நான் புகாராகச் சொல்கிறேன்.

ஒரே வீடு, மாடியில் அவள், கீழே நான். எங்கள் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், போகிற தொழிற்சாலையில் இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை. இரண்டு குடும்பத்து அடுப்பும் எங்கள் இருவர் சம்பளத்தில்தான் எரிகிறது. அந்தச் சம்பளமும் ஒரே இடத்தில், கட்டில், பீரோ, சோபா விற்கும் கடையில். அவளை முதலாளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

விலைவாசி இருக்கிற இருப்பில் யார் சோபா வாங்குகிறார்கள்? தரையில் உட்கார்ந்து யாரும் செத்ததில்லை. நானும் முதலாளியும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம். அவள் மட்டும் கண்ணாடியைத் துடைப்பாள், மெத்தையைத் தட்டுவாள், சோபாக்களை இடம் மாற்றி வைப்பாள். ஒருநாள் சில அட்டைகளில் ‘விற்கப்பட்டது’ என்று எழுதி, விற்காத சாமான்கள் மேல் மாட்டிவிட்டாள்.

“என்னடி கூத்து இது?” என்றேன்.

“வியாபாரம் ஆகற கடைக்குத்தான்க்கா ஆள் வரும். ஈ ஓட்டற கடைக்கு ஈதான் வரும்.”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருடத்தில் என் பேச்சுக்கு அவர் பல்லைக் காட்டியதுகூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சிரிப்பும் நிலைக்கவில்லை. அடுத்த வாரமே எங்கள் இருவரையும் கூப்பிட்டு, “இனிமே ஒருத்தருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும். யாருன்னு சனிக்கிழமை சொல்றேன்” என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடியில் அவள் பாடிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி.

வெள்ளிக்கிழமை, மகளுக்குக் கட்டில் வாங்க ஓர் அம்மா வந்தார். நேராகப் போய், தலைமாட்டில் பூவேலை செய்த கட்டிலைத் தொட்டார். அதில் அட்டை தொங்கியது. ஓரகத்தி உள்ளே எதையோ நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“அது வித்துப்போச்சும்மா” என்றேன் வாய் நிறைய. அவள் அட்டை கெடுத்த வியாபாரத்தை முதலாளி கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்த அம்மா வாசலுக்குத் திரும்பிவிட்டார்.

“அம்மா, நில்லுங்க!” அவள் ஓடி வந்தாள். “கேட்டு வச்சவங்க இன்னும் பணம் கட்டலை. பொண்ணுக்குன்னு ஆசையா வந்திருக்கீங்க, நீங்களே எடுத்துக்குங்க. அவங்களை நான் சமாளிச்சுக்கறேன்.”

கட்டிலோடு ஒரு மெத்தையையும் அந்த அம்மா தலையில் கட்டி அனுப்பினாள். கரண்டு பில்லுக்குப் பயந்து அணைத்து வைத்திருந்த வாசல் விளக்கை முதலாளி தானே எழுந்துபோய்ப் போட்டார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் என்னைப் பார்த்து, “நீங்க இருங்கம்மா” என்றார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“உனக்கென்னம்மா, கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழைச்சுக்குவே. இவங்க பாவம், இதை விட்டா வேற போக்கிடம் இல்லை.”

வேலை எனக்கு, பெருமை அவளுக்கு. ஜெயித்தும் எனக்குப் பொறாமை அடங்கவில்லை. அவளோ சிரித்த முகமாக, “சரிங்க” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுக்கச் சாமான் அறைக்குப் போனாள்.

வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். பீரோ மறைவில் குந்தி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“எல்லாரும் உனக்கென்ன உனக்கென்னன்னே சொல்றாங்கக்கா. எனக்கும் பயமா இருக்குன்னு யார்கிட்டச் சொல்றது? எத்தனை நாளாத் தூங்கலை தெரியுமா? நானும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா கடை என்னத்துக்கு ஆகும்னுதான்...”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, ஒருமுறையாவது இவள் அழுது நான் பார்க்கவேண்டும் என்று இருந்தேன். பார்த்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே முதலாளி குரல் கொடுத்தார். “யாரோ வந்திருக்காங்க, பாரும்மா!”

அவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, எழுந்து இரண்டடி வைத்துவிட்டாள். அப்புறம்தான் நினைவு வந்தது. நின்றாள்.

“நீங்கதான்க்கா போகணும்” என்றாள். “கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே போங்க.”