தேசிக்காயில் ஏறாத கார்

"ஞாயிறு, சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்தது. காலைப் பூசைக்குப் பின் வாகனப் பூசை. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சப்பாத்து வைக்கும் அடுக்கும், ஒரு பெண்ணின் காலும் உடைந்தன. காரை ஓடியவர் கணவர், மனைவி அல்ல."

அன்று வீட்டுக்கு வந்து எழுதிவைத்த குறிப்பு இவ்வளவுதான். போன ஆண்டுப் புத்தாண்டு தினத்திலேயே இது நடந்ததாகக் கோயிலில் இன்றும் சொல்கிறார்கள். தவறு. புத்தாண்டு அன்று மழை. முற்றத்தில் பூசையே நடக்கவில்லை. எந்த நாள் என்பதையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத அதே ஆட்கள்தான் காரை ஓடியது யார் என்பதையும் மாற்றிச் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் வரக்கூடிய ஒரு சிறு நகரத்தின் தொழிற்பேட்டையில், முன்பு குளியலறை டைல்ஸ் விற்ற கிடங்கில் எங்கள் கோயில் இருக்கிறது. விற்றவர் மிச்சமாக விட்டுப்போன டைல்ஸைத்தான் முற்றத்தில் பதித்தோம். மழை நாளில் அதில் நடக்கவே பயமாக இருக்கும். அங்கேதான் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

காரின் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பொதி கொண்டுபோகும் சில வான்களின் முதலாளி. இளவயதிலிருந்து வான் ஓடியதால் தன்னால் எதையும் ஓட முடியும் என்று நம்பியவர். மாரிகாலத்தில் அந்தக் காரை வாங்கினார். ஓடிப் பழகுமுன்பே வேகக் கமெராவில் அகப்பட்டு, ஒரு மாத ஓட்டத் தடை வாங்கினார். அனுமதிப்பத்திரத்தை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து, அதையும் ஒரு பட்டம்போல எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். "கமெராவிலை என்ரை முகம் நல்லா விழுந்திருக்கு, பாக்கிறியளோ?" என்று என்னிடமும் கைத்தொலைபேசியை நீட்டினார். நான் பார்க்கவில்லை.

ஆகவே அன்று காரைக் கோயிலுக்கு ஓட்டிவந்தவர் அவருடைய மனைவி. முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் தொழிலில் கடைசி வருட ஆவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். அந்த வேலைக்கு அவர் ஓடுவது நிறுவனத்தின் சின்னக் கார். இந்தச் சிவப்பு வண்டியிலிருந்து அவர் இறங்கியபோது முகம் வெளிறியிருந்தது. கணவர் மற்றப் பக்கத்தால் இறங்கி, "மாட்டு வண்டில்மாதிரி ஓட்டிக்கொண்டு வாறா" என்று கூட்டத்துக்குச் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

ஐயர் சந்தனம் வைத்து மாலை போட்டார். கார் நிலத்தோடு அவ்வளவு தாழ்வு, மாலையின் பாதி நிலத்தில் கிடந்தது. தேங்காய் உடைத்த தண்ணீர் டைல்ஸில் ஓடியது. நான்கு சில்லுகளுக்கு முன்னும் தேசிக்காய் வைத்தார்கள், எலுமிச்சைதான். இனி யாராவது காரை அரை அடி நகர்த்தி அவற்றை நசிக்க வேண்டும். மனைவி காரின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தாரும் திறப்பை," என்றார் கணவர்.

"உங்களுக்குத் தடையெல்லே? நானே ஏத்திறன்."

"கோயில் முத்தத்திலை என்ன தடை? சொந்தக்காரன் ஏத்தினாத்தான் பலன். ஐயரைக் கேளும்."

ஐயர் குனிந்து மாலையைச் சரிசெய்யத் தொடங்கினார். திருவிழாச் செலவை ஏற்கும் பெரிய உபயகாரர்கள் முன்னால் அவருக்கு எப்போதும் அப்படித்தான். எவரும் வந்துபோகும் முற்றத்துக்கும் தெருவின் சட்டம் பொருந்தும் என்று நான் வாசித்திருக்கிறேன். கார்க்காரர் வாசித்தவரில்லை.

கணவர் திறப்பை வாங்கிக்கொண்டார். கோயிலுக்கு வந்தவர் என்பதால் காலில் சப்பாத்து இல்லை. குழாயடியில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு ஏறினார். அக்சிலரேட்டரை மெல்ல அமத்தினார். சில்லு தேசிக்காயில் முட்டி நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது.

"அண்ணை, தேசிக்காய் ஏலாதெண்டுது."

"உங்கடை வானைக் கொண்டுவரட்டோ? அது ஏறும்."

"அறுநூறு பி.எஸ். குதிரைவலு எண்டு சொன்னியள். எங்கை, வீட்டிலை வைச்சிட்டு வந்திட்டியளோ?"

அவருடைய காது சிவந்தது. வீடியோ எடுக்க வந்தவர் வேறு, "அண்ணை, ஒருக்கா உறுமவிடுங்கோ. சத்தம் இல்லாட்டி வீடியோ சப்பெண்டிருக்கும்" என்றார். சொந்தக்காரர் ஸ்டியரிங்கில் இருந்த ஒரு குமிழைத் திருப்பினார். அது சில்லுகள் வழுக்காமல் காக்கும் ஏற்பாட்டை நிறுத்தும் என்று அவருக்கே தெரியாது என்பதை, பின்னர் அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்விகளிலிருந்து அறிந்தேன். ஈரக்காலை வைத்து அழுத்தினார்.

தேசிக்காய்கள் நசிந்ததை யாரும் பார்க்கவில்லை. பின்பக்கம் ஒரு தரம் சுழன்றது. கார் முற்றத்தைக் குறுக்கறுத்துச் சப்பாத்து அடுக்குக்குள் புகுந்து, சுவரில் முட்டி நின்றது. அடுக்கின் பக்கத்தில் குனிந்து செருப்புப் போட்டுக்கொண்டிருந்த பெண், கோயில் மடைப்பள்ளியில் மோதகம் அவிப்பவர், கீழே கிடந்தார். கணுக்கால் பார்க்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. யாரோ அம்புலன்சுக்குப் போன் அடித்தார்கள். அதோடு பொலிசும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சொந்தக்காரர் இறங்கி முதலில் குனிந்து பார்த்தது காரின் மூக்கை. அந்தப் பெண்ணை அல்ல. நான் மூன்று மீற்றர் தூரத்தில் நின்றேன்.

கோயில் சபைத் தலைவர் கூட்டத்தை அருகில் அழைத்தார். "பொலிஸ் வரமுன்னம் ஒரு கதையா நிப்பம். காரைக் கொண்டுவந்தது தங்கச்சி. திருப்பி எடுக்கேக்கை கால் மாறி அமத்திப்போட்டா. முடிஞ்சுது. தம்பி ஓடினதெண்டு வந்தால் கோயிலுக்கும் பிரச்சினை."

"எனக்கு ஆவணியிலை கடைசிச் சோதினை," என்றார் மனைவி. "ஆளைக் காயப்படுத்தின வழக்கு என்ரை பேரிலை விழுந்தால் வயசானவையின்ரை வீட்டுக்கு ஆர் என்னை விடுவினம்? மூண்டு வருசம் போச்சு."

"நான் உள்ளுக்கை போனால் வான்களை ஆர் பாக்கிறது?" என்றார் கணவர். "நீர் ஒருக்கா அழும். பொம்பிளையளெண்டா அவங்கள் பெரிசாக் கேக்கமாட்டாங்கள்."

நிலத்தில் கிடந்தவர்தான் பதில் சொன்னார். "என்ரை கால் முறிஞ்சு கிடக்கு. நீங்கள் சுத்திநிண்டு ஆளை மாத்திறியள்."

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. பாதிப்பேர் காருக்கு அடியில் தங்கள் சப்பாத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் கமெராவைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினார். அந்தப் பதிவைப் பிறகு எவரும் கண்டதில்லை.

ஒரு பெண் பொலிஸ் அதிகாரி வந்து, ஓடியது யார் என்று கேட்டார். தலைவர் தன் நல்ல ஜெர்மனில், இவர் என்று மனைவியைக் காட்டினார். மனைவி அழவில்லை. அந்த மொழியிலேயே, நோயாளியின் மருந்து விபரம் சொல்லும் குரலில் சொன்னார்: "நான் இல்லை. என் கணவர். அவருடைய அனுமதிப்பத்திரம் இந்த மாதம் உங்கள் ஆட்களிடம் இருக்கிறது."

வேறு யாராவது பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார். நான் பார்த்தேன் என்றேன். "அண்ணை, உங்களுக்கேன் இது?" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்திட்டேன். விழுந்தவர் அம்புலன்சில் ஏற்றப்படும்போது அதையே சொன்னார். அந்த முற்றம் நிறைய நின்றவர்களில் வாய் திறந்தது நாங்கள் மூவர் மட்டும்.

கணவருக்குத் தண்டனை கிடைத்தது. அனுமதிப்பத்திரமும் போனது. அதற்காக அவர் தலை குனிந்ததாக நினைக்க வேண்டாம். அடுத்த திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவருடையது. தலைவர் கையாலேயே மாலை விழுந்தது. பணியாள் ஓட்டிவர வேறொரு காரில் வந்தார், மஞ்சள் நிறம். மோதகம் அவிப்பவர் இப்போது கதிரையில் உட்கார்ந்துதான் அவிக்கிறார். அவரிடம் நலம் விசாரிப்பவர்களும், "அவளெல்லோ புருசனைப் பொலிசிலை குடுத்தவள்" என்றுதான் பேச்சை முடிக்கிறார்கள். கால் முறிந்தவருக்கு முன்னாலேயே முறித்தவருக்காக இரங்க இவர்களால் முடிகிறது.

மனைவி அந்த வைகாசியோடு கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். கணவரின் வீட்டிலும் அவர் இல்லை. லைப்சிக்கில் ஒரு பராமரிப்பு நிறுவனத்தின் காரில், சீருடையோடு கண்டதாக எனக்குத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். தலைவரின் குடும்பத்தினரோ, அவர் பயிற்சியை இடையில் விட்டுவிட்டு அக்காவின் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புவதும் தெரிகிறது. ஆவணிச் சோதனையை அவர் எழுதினாரா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.