பொறுப்பு என்று வந்த பெறுபேறு

சுனாமிக்கு அடுத்த வருடம் நான் கல்முனையில் கட்டட முகாமைத்துவம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஊர் உடைந்து கிடந்ததால் எங்கள் பாடத்துக்குத் திடீர் மவுசு. வகுப்பில் முஸ்லிம் பொடியன்கள் ஜன்னல் பக்கம், தமிழ்ப் பொடியன்கள் கதவுப் பக்கம். இவர்களை ஒரே குழுவாக்க ஒரு வெளிநாட்டு நிபுணர் வந்தார். கேள்விகளுக்குப் பதில் எழுதினால் நம்முடைய தனிப் பலம் எதுவென்று கணினி சொல்லிவிடுமாம். எனக்கு 'நகைச்சுவை உணர்வு' என்று வந்தது. மனைவியிடம் காட்டினேன்.

"மெஷினும் பிழை விடுந்தானே" என்றாள்.

மருதமுனை றிபாசுக்குப் 'பொறுப்பு'. பாண்டிருப்பு யோகனுக்குத் 'துணிவு'. பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். யுத்தம் தூரமாக்கி வைத்திருந்தது. பாடசாலை ஒன்றுக்கு மலசலகூடம் கட்டும் செய்முறை வேலைக்கு இருவரும் ஒரே குழு, தலைவர் றிபாஸ்.

தன் பலம் வெளிப்பட்ட ஒரு சம்பவத்தை ஒவ்வொருவரும் எழுந்து சொல்லும்படி நிபுணர் கேட்டார். மொழிபெயர்ப்பு என் வேலை.

றிபாஸ் எழும்பினான். "எனக்கு இது பிழையா வந்திரிக்கி சேர். தங்கச்சிட கையப் புடிச்சிட்டுத்தான் ஓடின. அலை அடிக்கக்குள்ள உட்டுட்டன். அடக்க மையித்துக்கூடக் கிடைக்கல்ல. என்னத் தலைவராப் போடாதீங்க. நாளைலருந்து நான் வரவும் மாட்டன்."

நிபுணர் என்னைப் பார்த்தார். "பெறுபேறு பிழை என்கிறான்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். இது மிகவும் நம்பகமான பரிசோதனை என்றார் அவர். அதை நான் தமிழில் சொல்லவில்லை.

கதவுப் பக்கமிருந்து யோகன் எழுந்து வந்து அவனருகில் உட்கார்ந்தான். "எனக்கும் பிழைதான்டா. துணிவாம்! கடற்கரை றோட்டால வர ஏலாம வயல் பக்கத்தால சுத்தி வாறன். பிழையா வந்த ரெண்டு பேரும் ஒரு குழுவில இருப்பம். நாளைக்கு வா."

றிபாஸ் வந்தான்.

கூரைக்குக் கொங்கிரீட் ஸ்லாப் போட மிக்ஸர் மெஷின் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமையில். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது. பலகைகளைத் தாங்கும் முட்டுகள் அசைகின்றனவா என்று கீழே ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். காலையிலிருந்து றிபாஸ் அந்த இடத்தை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மற்ற முஸ்லிம் பொடியன்கள் கைகால் கழுவிப் புறப்பட்டார்கள். அவன் அசையவில்லை.

"போய்த் தொழுதிட்டு வா மச்சான், நான் பாக்கிறன்" என்றான் யோகன்.

"உட்டுட்டுப் போக ஏலாடா."

"எங்கடா உடுறாய்? என்ட கையிலதானே தந்திட்டுப் போறாய்."

றிபாஸ் முட்டுகளை ஒருமுறை தட்டிப் பார்த்தான். பிறகு போனான்.

தொழுகை முடிந்து மற்றவர்கள் வந்துவிட்டார்கள், அவன் வரவில்லை. தேடிப் போனேன். மையவாடியில், அடையாளம் தெரியாமல் அடக்கியவர்களின் கபுறுகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். அலைக்குப் பிறகு அங்கே அவன் வந்தது அன்றுதான் முதல்முறையாம். என் நகைச்சுவை உணர்வு அந்த இடத்தில் ஒரு உதவிக்கும் வரவில்லை. சும்மா பக்கத்தில் நின்றேன்.

நாங்கள் திரும்பியபோது ஸ்லாப் முடிந்திருந்தது. யோகன் முட்டுகளுக்கு நடுவே குந்தியிருந்தான்.

"எல்லாம் நிக்குது" என்றான்.

யுத்தம் முடிந்த பிறகும் அந்தக் கேள்வித்தாளைக் கொடுத்து வருகிறேன். பெறுபேற்றை வாசித்து ஓரமாக வைக்கிறேன். எவன் எவனிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ போவான் என்று பார்த்துத்தான் குழு பிரிக்கிறேன்.